மார்ஃபா போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் மார்ஃபா என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 1,788 பேர்தான். ஆனாலும் நவீனச் சிற்பக்கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆஸ்டின், ஹூஸ்டன், டல்லஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் நீண்ட வார இறுதி வந்தாலே மார்ஃபா பற்றி என்னிடம் விசாரிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஊர் என்பதால் பதில் எப்போதும் நீண்டுவிடும். கேட்டதையும் சொன்னதையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 4,700 அடி உயரத்தில் காய்ந்த புல்வெளி, நடுவே ஒரு ரயில் பாதை, ஒரே ஒரு சிக்னல், இளஞ்சிவப்பில் 1886ல் கட்டிய பெரிய நீதிமன்றக் கட்டடம், அதைச் சுற்றி அகலமான காலித் தெருக்கள். 1880களில் நீராவி ரயில்களுக்குத் தண்ணீர் பிடிக்க ஏற்பட்ட ஊர், அப்புறம் மாட்டுப் பண்ணைகளை நம்பி வளர்ந்தது. அந்தப் பழைய கட்டடங்களுக்குள், அதாவது பட்டாளத்துக் கொட்டகை, கம்பளி கிடங்கு, நடனக்கூடம் இவற்றுக்குள், இன்றைக்கு இருக்கும் கலைப்படைப்புகளைப் பார்க்கத்தான் ஆட்கள் நாள் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

வேறு இடங்களில் அரிதாகவே பார்க்கக்கூடிய ஒரு விஷயம் இங்கே நடந்திருக்கிறது. படைப்புகள் வைத்த இடத்திலேயே நிரந்தரமாக இருக்கின்றன. நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ இரவல் கண்காட்சியாக அவை கிளம்பி வராது. பார்க்க வேண்டுமானால் நாம்தான் போக வேண்டும்.

இந்த அத்துவானக் காட்டுக்குக் கலை எப்படி வந்து சேர்ந்தது?

டொனால்ட் ஜட் என்ற ஒரு மனிதரின் பிடிவாதம்தான் காரணம். மிசௌரி மாநிலத்தில் 1928ல் பிறந்தவர், நியூயார்க்கில் கலை விமர்சகராக இருந்து சிற்பியானவர். 1946ல் பட்டாளத்தில் சேர்ந்து போகும் வழியில், மார்ஃபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வான் ஹார்ன் ஊரிலிருந்து அம்மாவுக்கு ஒரு தந்தி அடித்திருக்கிறார். நல்ல ஊர், அழகான நிலம், மலைகள் என்று நாலு வார்த்தை. அந்த நிலம் அவரை விடவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து, 1970களின் தொடக்கத்தில், நியூயார்க் கலை உலகத்தின் மேல் சலிப்பேறிய காலத்தில் மார்ஃபாவுக்கு வந்து கட்டடங்களை வாங்க ஆரம்பித்தார்.

அவருடைய ஆத்திரம் என்னவென்றால், அருங்காட்சியகங்கள் ஒரு சிற்பத்தைச் சில வாரம் வைத்துவிட்டு எடுத்துவிடுகின்றன, வைக்கும்போதும் வெளிச்சம், சுவர், இடைவெளி எதையும் யோசிப்பதில்லை என்பது. ஒரு படைப்பை எந்த அறையில், எந்த வெளிச்சத்தில், எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதும் அந்தப் படைப்பின் பகுதிதான் என்று அவர் நம்பினார். அதற்கு ஏராளமாக இடம் வேண்டும், நியூயார்க்கில் அது நடக்காது. மார்ஃபாவில் இடம் மலிவு, அதோடு ஒரு பட்டாள முகாமே காலியாகக் கிடந்தது. மெக்சிகோ புரட்சிக் காலத்தில், 1911ல், எல்லையைக் காக்க அமைத்த முகாம் அது. பின்னால் ஃபோர்ட் டி. ஏ. ரஸல் என்று பெயர் மாறி, இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946ல் மூடப்பட்டது. நியூயார்க்கின் டியா கலை அறக்கட்டளை பணம் கொடுக்க, 1970களின் கடைசியில் அங்கே வேலை தொடங்கியது. பிறகு அவர்களோடு ஜட்டுக்கு உரசல் வந்து, 1986ல் அந்த முகாம் சினாட்டி அறக்கட்டளை என்ற தனி அமைப்பானது. பக்கத்தில் இருக்கும் மலைத்தொடரின் பெயர் அது. ஜட் 1994ல் காலமானார். மார்ஃபா இன்றைக்கும் அவர் போட்ட கணக்கில்தான் இயங்குகிறது.

சினாட்டியில் என்ன பார்க்கலாம்? எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை என்றால் எதை விடக்கூடாது?

ஜட்டின் 100 அலுமினியப் பெட்டிகளை எந்தக் காரணம் கொண்டும் விடக்கூடாது. 1982லிருந்து 1986 வரை செய்தவை. இரண்டு பெரிய பீரங்கிக் கொட்டகைகளில் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே வெளியே ஒரே அளவு: 72 அங்குல நீளம், 51 அங்குல அகலம், 41 அங்குல உயரம். உள்ளே மட்டும் ஒன்று போல் இன்னொன்று கிடையாது. ஒன்றில் நடுவே தடுப்பு, ஒன்றில் சாய்ந்த தகடு, ஒன்றில் பக்கச் சுவரே இல்லை. கொட்டகையின் பழைய கதவுகளை எடுத்துவிட்டு இரு பக்கமும் நீளத்துக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தவரும், மேலே வளைந்த தகரக் கூரை போட்டுக் கட்டடத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கியவரும் ஜட்தான்.

காலை வெயில் சாய்வாக உள்ளே வரும்போது ஒரு பெட்டியின் பக்கத்தில் நின்று பாருங்கள். எதிர்ப்பக்க ஜன்னலும் வெளியே இருக்கும் மஞ்சள் புல்லும் அதன் மேல் விழுந்து, எது தகடு, எது வெறும் இடைவெளி, எது பிரதிபலிப்பு என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு அடி நகர்ந்தால் வேறு பெட்டி. மேகம் வந்தால் மொத்தக் கொட்டகையும் சாம்பல் நிறமாகிவிடும். அதே கொட்டகையில் சுவரில் ஜெர்மன் மொழியில் எழுத்துகள் இருக்கும், அதையும் கவனியுங்கள். போரின்போது ஜெர்மானியக் கைதிகளை இங்கே வைத்திருந்தார்கள். தலையை இழப்பதைவிட அதைப் பயன்படுத்துவது மேல் என்று எச்சரிக்கும் வாசகம் ஒன்று அப்படியே நிற்கிறது. ஜட் சுண்ணாம்பு அடித்து அதை மறைக்கவில்லை.

வெளியே புல்வெளியில் அவருடைய 15 கான்கிரீட் தொகுதிகள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிற்கின்றன. 1980க்கும் 1984க்கும் இடையில் அந்த இடத்திலேயே வார்த்தவை. தொகுதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கான்கிரீட் பெட்டியும் 2.5 மீட்டர் உயரம், 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இதற்கு வழிகாட்டி தேவையில்லை, நீங்களே நடந்து பார்க்கலாம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், காலடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்த்து நடங்கள்.

அப்புறம் டான் ஃப்ளேவின். நம் வீடுகளில் எரிந்த அதே டியூப் லைட்தான் அவருடைய பொருள். ப வடிவத்தில் இருக்கும் ஆறு படைவீரர் குடியிருப்புகளில், கட்டடத்தின் கோடியில் சாய்வான சின்ன நடைபாதைகள் அமைத்து இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஒளியைக் கலக்க விட்டிருக்கிறார். ஒவ்வொரு கட்டடமாக நுழைந்து வெளியே வர வேண்டும். வெளியே வந்து வெள்ளை வெயிலில் கண் கூசியபடி அடுத்த கட்டடத்துக்கு நடப்பதும் அந்த அனுபவத்தில் சேர்ந்துவிடுகிறது. அவர் 1996ல் இறந்த பிறகுதான், 2000ல், இது பார்வைக்குத் திறக்கப்பட்டது.

ரஷ்யக் கலைஞர் இல்யா கபகோவ் ஒரு கட்டடத்தைக் கைவிடப்பட்ட சோவியத் பள்ளிக்கூடமாக மாற்றியிருக்கிறார். உடைந்த பெஞ்சு, சிதறிய நோட்டு, தூசி. இதை மெதுவாகப் பாருங்கள். ராபர்ட் இர்வினின் கட்டடம் 2016ல் திறந்தது. முகாமின் இடிந்த மருத்துவமனை இருந்த இடத்தில் கட்டியது. பாதி இருட்டு, பாதி வெளிச்சம், நடுவே மெல்லிய வலைத்துணி, அவ்வளவுதான். ஊருக்குள் ரயில் பாதையை ஒட்டி, முன்பு கம்பளி கிடங்காக இருந்த கட்டடத்தில், ஜான் சேம்பர்லினின் நசுக்கிய கார் தகடுச் சிற்பங்கள் இருக்கின்றன. சிற்பிகளான கிளாஸ் ஓல்டன்பர்க்கும் கூஸ்யே வான் ப்ரூகனும் சேர்ந்து செய்த பிரம்மாண்டமான குதிரை லாடமும் முகாம் வளாகத்தில் உண்டு. இங்கே புதைக்கப்பட்ட கடைசிப் பட்டாளக் குதிரையின் நினைவாக வைத்தது.

முழுச் சுற்று வழிகாட்டியோடுதான், அதற்கு ஒரு நாளின் பெரும்பகுதி வேண்டும். முன்பதிவு கட்டாயம். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை என்பதால் பயணத் தேதியைப் போடும் முன் சினாட்டி தளத்தில் நாளைப் பார்த்துவிடுங்கள். உள்ளே படம் எடுப்பதற்கு விதிகள் உண்டு, வழிகாட்டி சொல்வார்.

ஜட் வாழ்ந்த வீட்டையும் பார்க்கலாமா?

பார்க்கலாம், அது தனி அமைப்பு, ஜட் அறக்கட்டளை நடத்துவது. தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஊருக்குள் ஒரு முழுத் தெருச் சதுக்கத்தை வளைத்து உயரமான மண்சுவர் எழுப்பி, உள்ளே இருந்த பழைய கொட்டகைகளை வீடாகவும் கலைக்கூடமாகவும் மாற்றிக்கொண்டார். 13,000 புத்தகங்கள் கொண்ட அவருடைய நூலகம் அங்கேதான் இருக்கிறது. கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் அவரே வரைந்து செய்யச் சொன்னவை. எனக்கு அந்தப் பெட்டிகளே இந்த வீட்டைப் பார்த்த பிறகுதான் சரியாகப் பிடிபட்டன, அதனால் முடிந்தால் முதல் நாள் வீடு, மறுநாள் சினாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அலுமினியப் பெட்டியைப் பார்க்க ஏழு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டுமா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வரும். கலை தெரிய வேண்டிய அவசியமே இல்லை என்பது என் திடமான எண்ணம். இந்தப் பெட்டிகள் எதையும் குறிப்பவை கிடையாது, கதை சொல்பவை கிடையாது, அதனால் புரியவில்லையே என்ற கவலைக்கே இடமில்லை. கண்ணும் பொறுமையும் போதும். ஜட் விரும்பியதும் அதுதான். பொருள் பொருளாகவே நிற்கட்டும், பார்ப்பவர் பார்க்கட்டும் என்றார். ஓவியக் கண்காட்சி பக்கமே போகாதவர்களை நான் அந்தக் கொட்டகைக்கு அழைத்துப் போயிருக்கிறேன், கிளம்பலாமா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று, அவசரமாக ஓடிப் பார்த்துவிட்டு வரும் ஆளாக இருந்தால் போக வேண்டாம். இங்கே பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடிய படைப்பு என்று ஒன்றும் இல்லை.

பாலைவனத்தில் பிராடா கடை இருக்கிறதாமே? எல்லோரும் அங்கே நின்று படம் போடுகிறார்களே?

பிராடா என்ற விலையுயர்ந்த இத்தாலிய நிறுவனத்தின் பெயர் போட்டிருக்கும், ஆனால் அது கடையே இல்லை. எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரண்டு கலைஞர்கள் 2005ல் கட்டிய சிற்பம். கதவு திறக்காது. உள்ளே அந்த வருடத்துக் காலணிகளும் கைப்பைகளும் அலமாரியில் இருக்கும். திறந்த சில நாளிலேயே உடைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு வலது கால் செருப்புகளை மட்டும் வைத்து, பைகளின் அடிப்பாகத்தையும் எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினார்கள். 2013ல் மாநில நெடுஞ்சாலைத் துறை இதை அனுமதியில்லாத விளம்பரப் பலகை என்று சொல்லிப் பிரச்சினை வந்தது, மறுவருடம் இதை ஓர் அருங்காட்சியகம் என்று வகைப்படுத்தி முடித்தார்கள்.

இது மார்ஃபாவுக்குள் இல்லை. ஊரிலிருந்து வடமேற்கே சுமார் 37 மைல், வாலன்டைன் என்ற குட்டி ஊரைத் தாண்டி, 90ம் எண் சாலையோரத்தில் தனியாக நிற்கிறது. எல் பாசோ பக்கமிருந்து வருபவர்களுக்கு வழியிலேயே வரும். நின்று பாருங்கள், நல்ல இடம்தான். இதை மட்டும் பார்த்துப் படம் எடுத்துவிட்டு மார்ஃபா பார்த்தாயிற்று என்று திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை, அவ்வளவு தூரம் வந்து விட்டு!

மர்ம விளக்குகள் உண்மையா?

இரவில் தொடுவானத்தில் வெளிச்சப் புள்ளிகள் தோன்றும், பிரியும், சேரும், மறையும். 1883லேயே மாடு மேய்த்த ஒருவர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஊருக்குக் கிழக்கே 9 மைலில் இதற்காகவே பார்வை மேடை கட்டி, கழிப்பறையும் வைத்திருக்கிறார்கள். 2004ல் டெக்சாஸ் பல்கலைக்கழக டல்லஸ் கிளையின் இயற்பியல் மாணவர்கள் கருவிகளோடு வந்து உட்கார்ந்து ஆராய்ந்து, தாங்கள் பார்த்தவை 67ம் எண் சாலையில் வரும் கார்களின் முகப்பு விளக்குகள் என்று முடிவு செய்தார்கள். இரவில் தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது தூரத்து வெளிச்சம் வளைந்து, நடுங்கித் தெரியும். ஊர்க்காரர்களில் பலர் இதை ஏற்பதில்லை, கார் வருவதற்கு முன்பே பார்த்திருக்கிறார்களே என்பார்கள். என்னைக் கேட்டால் மேடைக்குப் போங்கள், விளக்கு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தலைக்கு மேலே பால்வீதி தெரியும்.

எப்படிப் போவது? விமானம் உண்டா?

பயணிகள் விமானம் இல்லை. எல் பாசோவிலோ மிட்லண்டிலோ இறங்கி வாடகைக் கார் எடுத்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆஸ்டினிலிருந்து காரிலேயே வந்தால் ஆறரை, ஏழு மணி நேரம், சான் அன்டோனியோ ஆறு, டல்லஸ் எட்டு, ஹூஸ்டன் ஒன்பது. எல் பாசோவிலிருந்து வருபவர்கள் கவனிக்க, வழியில் நேர மண்டலம் மாறும், ஒரு மணி நேரம் போய்விடும். மாலை முன்பதிவு ஏதாவது இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பிரியர்களுக்கு ஒரு வழி உண்டு. லாஸ் ஏஞ்சலஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையில் ஓடும் சன்செட் லிமிடெட் வாரம் மூன்று முறை 26 மைல் தள்ளி ஆல்பைனில் நிற்கும். மார்ஃபா வழியாகப் போகும், நிற்காது. ஆனால் இறங்கிய பிறகு கார் இல்லாமல் இந்தப் பக்கம் ஒன்றும் செய்ய முடியாது.

பெட்ரோலை எங்கே பார்த்தாலும் நிரப்புங்கள். போன் சிக்னல் பல மைல்களுக்கு இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இருட்டிய பிறகு மான்களும் காட்டுப்பன்றி போன்ற ஹாவலீனாக்களும் சாலைக்கு வரும், வேகத்தைக் குறையுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறோம். எல்லைப் பகுதி என்கிறார்களே, பயமில்லையா?

பயப்பட ஒன்றுமில்லை, காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் நாட்டுக்கு உள்ளேயே நெடுஞ்சாலைகளில் இருக்கின்றன. எல் பாசோவிலிருந்து 10ம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே வரும்போது சியரா பிளாங்கா பக்கம் ஒன்று. எல்லை ஊரான பிரெசிடியோவிலிருந்து வடக்கே வரும்போது மார்ஃபாவுக்குத் தெற்கே ஒன்று. பிக் பெண்ட் பூங்காவிலிருந்து ஆல்பைன் வரும் வழியில் ஒன்று. வண்டியை நிறுத்தி, குடிமக்களா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லி ஆவணத்தைக் காட்டினால் வேலை முடிந்தது.

பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 அச்சுப்படி, விசா ஒப்புதல் கடிதம் மூன்றையும் எடுத்து வாருங்கள். பச்சை அட்டை உள்ளவர்கள் அசலையே வைத்திருக்க வேண்டும். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டை வீட்டில் பீரோவில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வரும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, இந்தப் பயணத்துக்கு அது ஆகாது.

எந்த மாதம், எந்தக் கிழமை?

மாதம் என்றால் அக்டோபர், நவம்பர். பகலில் இதமான வெயில், இரவில் ஸ்வெட்டர் குளிர். அக்டோபரில் ஒரு வார இறுதியில் சினாட்டி திறந்த விழா நடத்துவார்கள், அப்போது கூட்டம் நெரியும், அறை கிடைக்காது. வசந்தத்தில் காற்று கொட்டும். கோடையிலும் உயரத்தால் இரவு குளிர்ந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியோடு மழை வரும், அந்த மேகங்களைப் பார்ப்பதே ஒரு அனுபவம். குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும்.

கிழமை இன்னும் முக்கியம். திங்கள், செவ்வாய்களில் ஊர் பாதி மூடியிருக்கும். வியாழன் முதல் ஞாயிறு வரைதான் எல்லாம் நடமாடும். அப்போதும் ஒரு கடை பதினொரு மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு மூடும், இன்னொன்று மாலையில் மட்டும் திறக்கும். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

சாப்பாடு? நாங்கள் சைவம்.

டெக்சாஸ் மெக்சிகன் சாப்பாடு நன்றாகவே கிடைக்கும், காலையில் புரிட்டோ சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். பீன்ஸும் சீஸும் வைத்தது சைவம்தானே என்று வாங்கிவிடாதீர்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளித்து மசிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மான்டேகா போட்டிருக்கிறதா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்வார்கள். சோற்றிலும் கோழிச்சாறு சேர்ப்பதுண்டு.

உணவகங்கள் எண்ணிக்கையில் குறைவு, மூடும் நேரம் நிச்சயமில்லை, அதனால் புளியோதரை, தயிர்சாதத்துக்கு ஊறுகாய், சப்பாத்தி என்று ஒரு வேளைக்காவது கட்டிக்கொண்டு வருவது நல்லது. குழந்தைகளோடு வருபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் பசித்தால் வழி இல்லை.

எங்கே தங்குவது?

பைசானோ ஹோட்டல் 1930ல் கட்டியது. 1955ல் ஜேம்ஸ் டீன், எலிசபெத் டெய்லர், ராக் ஹட்சன் நடித்த ஜயன்ட் படத்தின் பிடிப்பு இந்த ஊரைச் சுற்றி நடந்தபோது இதுதான் படக்குழுவின் தளம். முற்றமும் நீரூற்றும் ஓடு பதித்த தரையுமாக அழகாக இருக்கும். செயின்ட் ஜார்ஜ் 2016ல் வந்த புதிய ஹோட்டல், விலை கூடுதல், கீழேயே மார்ஃபா புத்தகக் கடை இருக்கிறது, கலை, கட்டடக்கலைப் புத்தகங்களில் ஆசை உள்ளவர்கள் பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 2009ல் தொடங்கிய எல் காஸ்மிகோ பழைய டிரெய்லர் வண்டிகளையும் கூடாரங்களையும் அறைகளாக்கிப் பேர்வாங்கியது. செலவைக் குறைக்க வேண்டுமானால் ஆல்பைனில் தங்கி, காலையில் அரை மணி நேரம் ஓட்டி வரலாம்.

எங்கே தங்கினாலும் இரவில் சரக்கு ரயில் ஊரின் நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போகும். லேசான தூக்கம் உள்ளவர்கள் பாதையிலிருந்து தள்ளி அறை கேளுங்கள்.

ஊர்க்காரர்கள் இந்தக் கலை வியாபாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எனக்குப் பதில் சொல்லப் பிடித்த கேள்வி. மார்ஃபாவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மெக்சிகோ வம்சாவளியினர். பண்ணைகளில், ரயில்வேயில், பட்டாள முகாமில் உழைத்த குடும்பங்கள். கலை ஊர் என்று பத்திரிகைகள் எழுதும்போது இவர்கள் பெரும்பாலும் படத்தில் வருவதே இல்லை.

ஊரின் தென்பகுதியில் பிளாக்வெல் பள்ளி என்ற மண்சுவர்க் கட்டடம் இருக்கிறது. 1909லிருந்து 1965 வரை மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளை மட்டும் தனியாகப் பிரித்து இங்கே படிக்க வைத்தார்கள். ஸ்பானிய மொழி பேசினால் அடி. 1954ல் மாணவர்களை ஸ்பானிய வார்த்தைகளைத் தாளில் எழுதச் சொல்லி, அந்தத் தாள்களைப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தின் அருகே குழி வெட்டி, ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ இறந்துவிட்டார் என்று அடக்கம் செய்ய வைத்தார்கள். தாய்மொழிக்குக் குழந்தைகளின் கையாலேயே சவக்குழி. இடிய விட்டிருக்க வேண்டிய அந்தக் கட்டடத்தைப் பழைய மாணவர்கள் கூடிச் சங்கம் வைத்துக் காப்பாற்றினார்கள். 2022ல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் கையெழுத்தானது, 2024ல் தேசியப் பூங்காத் துறையின் கீழ் முறைப்படி வந்தது. உள்ளே வகுப்புப் படங்கள், பெஞ்சுகள், அடிக்கும் மட்டை எல்லாம் இருக்கின்றன. சினாட்டிக்கு ஒரு நாள் ஒதுக்குபவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மார்ஃபா என்றால் என்ன என்பது இரண்டையும் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டுப் பிரச்சினையும் உண்டு. சுடாத செங்கல்லில் கட்டும் அடோபி வீடு ஒரு காலத்தில் ஏழைகளின் வீடு. வெளியூர்ப் பணக்காரர்களுக்கு அதன் மேல் மோகம் வந்து வாங்க ஆரம்பித்ததும் விலை ஏறியது, மாவட்ட மதிப்பீட்டில் மண்வீடுகள் தனி வகையானதும் சொத்து வரியும் ஏறியது. தாத்தா கையால் மண் குழைத்துக் கட்டிய வீட்டுக்குப் பேரன் கட்ட முடியாத வரி. பல வீடுகள் வார இறுதி வாடகை வீடுகளாகிவிட்டன. அதே சமயம் கலை வந்ததால்தான் ஊரில் வேலையும் வானொலி நிலையமும் புத்தகக் கடையும் இருக்கின்றன, இல்லாவிட்டால் பக்கத்து வாலன்டைன் மாதிரி ஊர் காலியாகியிருக்கும் என்று சொல்லும் ஊர்க்காரர்களும் உண்டு. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. என் பங்குக்கு நான் சொல்வது, பணத்தை உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் கடைகளில் செலவழியுங்கள், 1926லிருந்து வரும் பிக் பெண்ட் சென்டினல் வாரப் பத்திரிகையை வாங்கிப் படியுங்கள், வீடுகளின் வேலிக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

சினாட்டி முழுச் சுற்று சின்னக் குழந்தைகளுக்குக் கஷ்டம், தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே உங்களுக்கு அலுத்துவிடும். கான்கிரீட் வரிசைக்கு அழைத்துப் போங்கள், நிழலும் வெயிலுமாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அவர்களுக்காகவே வடக்கே ஃபோர்ட் டேவிஸ் பக்கம் போக வேண்டும். அங்கே மலை மேல் மெக்டொனால்ட் வானாய்வகம். வாரத்தில் சில இரவுகள் தொலைநோக்கிகளை வைத்து வானத்தைக் காட்டுவார்கள், முன்பதிவு செய்யுங்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரவு விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2022ல் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவையும் சேர்த்து 15,000 சதுர மைலுக்கு மேல் இருட்டு வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆய்வகத்தின் பழைய 82 அங்குலத் தொலைநோக்கிக்கு முதல் இயக்குநர் ஆட்டோ ஸ்ட்ரூவின் பெயர். நம் சுப்பிரமணியன் சந்திரசேகரை 1930களில் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு அழைத்து வேலை கொடுத்தவர் அவர்தான், பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கோடையில் பால்மொரேயா குளமும் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு மணி நேர ஓட்டம். ஊற்று நீர், வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி, தண்ணீருக்குள் மீன்கள் காலைச் சுற்றும். 1930களில் அரசு வேலைத்திட்டத்தில் கட்டியது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அங்கேயே குடியேறிவிடலாமா?

ஆசை எனக்கும் வருவதுண்டு. ஆனால் பக்கத்து மருத்துவமனை 26 மைல் தள்ளி ஆல்பைனில், அதுவும் சிறியது. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் எல் பாசோவோ ஒடெசாவோதான். பள்ளியில் பிள்ளைகள் மிகக் குறைவு. வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு, நீங்கள் ஒன்று எடுத்தால் உள்ளூர் ஆசிரியருக்கோ சமையல்காரருக்கோ ஒன்று குறையும். நம் மளிகைக்கு எல் பாசோ போக வேண்டும். காட்டுத்தீயும் உண்டு, 2011 ஏப்ரலில் மார்ஃபாவுக்கு மேற்கே பிடித்த தீ காற்றில் பரவி ஃபோர்ட் டேவிஸ் வரை போய் மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. முதலில் குளிர்காலத்தில் ஒரு மாதம் இருந்து பாருங்கள், கூட்டம் இல்லாத பிப்ரவரியில். அப்போதும் பிடித்திருந்தால் யோசிக்கலாம்.

எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான். என்ன செய்வது?

காலையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அலுமினியப் பெட்டிகளுக்கான சுற்று, அதை முடித்த கையோடு கான்கிரீட் வரிசை. மதியம் புரிட்டோ. வெயில் உச்சியில் பிளாக்வெல் பள்ளி, அப்புறம் ஊருக்குள் நடந்தே பால்ரூம் கலைக்கூடம். 2003ல் ஒரு பழைய நடனக்கூடத்தில் தொடங்கியது, புதிய கலைஞர்களின் படைப்புகள் மாறி மாறி இருக்கும், அனுமதி இலவசம். மாலையில் பைசானோ முற்றத்தில் காபி. இருட்டியதும் கிழக்கே பார்வை மேடை. பிராடாவைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் போதும். மார்ஃபாவை விட்டுக் கிளம்பும் முன் மறக்காமல் தொட்டியை நிரப்பிவிடுங்கள், அந்த வழியில் அடுத்த பங்க் 74 மைல் தள்ளி வான் ஹார்னில்தான்.